சாகர் பெட்டியும் ஸ்டோக்கின் வானமும்

இங்கிலாந்தின் பீங்கான் நகரமான ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பற்றி யார் எழுதத் தொடங்கினாலும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் முன்னால் வந்து நின்றுவிடும். வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கிய பாட்டில் வடிவச் சூளைகள் கூரைகளுக்கு மேல் முண்டியடித்து நிற்கும். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் கரும்புகை. கீழே செங்கல் வீடுகள், ஈரம் மினுங்கும் தெரு, இரண்டு சிறுவர்கள். பார்ப்பவர்களில் பாதிப் பேர் "என்ன அழகு" என்பார்கள், மீதிப் பேர் "நரகம்" என்பார்கள். பிறகு இரு தரப்பும் ஒரே வாக்கியத்தில் வந்து சேர்ந்துகொள்வார்கள்: "1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, வானம் வெளுத்தது." பிரிட்டனின் தொழில் நகரங்களைப் பற்றி இணையத்தில் உலவும் பாதிக் கட்டுரைகளில் இந்த வாக்கியம் இருக்கிறது. தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ நெருடும். அந்தப் புகை எதற்காக எழுந்தது, சூளைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்காமல், யார் அதை நிறுத்தினார்கள் என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

1930-களிலும் 40-களிலும் அங்கே வளர்ந்தவர்கள் சொல்லும் நினைவுகளைச் சேர்த்துப் படித்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். எதிர்ச்சாரி வீடு தெரியாத நாட்கள். கொடியில் காயும் துணியை அம்மா பாதியில் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவது. வருடாந்தர விடுமுறையில் சூளைகள் அணைந்ததும் ஊருக்கு வெளியே மலைகள் இருப்பது தெரிவது. களிமண் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் திருட்டுத்தனமாக நீச்சல். உடைந்த பீங்கான் மேட்டில் ஏறி, பூப்போட்ட துண்டுகளைப் பொறுக்குவது. பழைய மண்பெட்டிகளை அடுக்கிக் கட்டிய கொல்லைச் சுவர். தனித்தனியாகப் பார்த்தால் ஏதோ ஒரு பழைய ஊரின் உதிரி நினைவுகள். ஆனால் இவை அத்தனையும் ஒரே ஒரு பொருளில் போய் முட்டுகின்றன: சாகர். பீங்கானைச் சுடும்போது தீயிலிருந்து காப்பாற்றும் முரட்டு மண்பெட்டி. வானம் வெளுத்த கதையையும் இந்தப் பெட்டியிலிருந்துதான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

நிலக்கரி இருந்த இடத்துக்கு மண் வந்தது

ஸ்டோக் ஒரு ஊர் அல்ல, ஆறு ஊர்கள். டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். 1910-இல் ஒரே நகராட்சியாக இணைந்தன, 1925-இல் மாநகர் தகுதி கிடைத்தது. இன்றும் அங்கே பிறந்தவரிடம் ஊர் எது என்று கேட்டால் பர்ஸ்லம் என்றோ லாங்டன் என்றோதான் பதில் வரும். பீங்கான் தொழிற்சாலையை அங்கே யாரும் தொழிற்சாலை என்பதில்லை, 'பாட்பாங்க்' என்பார்கள்.

நல்ல களிமண் கிடைத்ததால் தொழில் வளர்ந்தது என்று பலர் எழுதுகிறார்கள். தொடக்கத்துக்கு அது பொருந்தும். அங்கே தோண்டினால் கிடைக்கும் செம்மண்ணில் வெண்ணெய்ச் சட்டிகளும் குடங்களும் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த வெள்ளைப் பீங்கானுக்கு உள்ளூர் மண் உதவாது. சீனக்களிமண் கார்ன்வாலிலிருந்து வர வேண்டும். பால் கிளே என்கிற ஒட்டும் களிமண் டெவனிலிருந்தும் டோர்செட்டிலிருந்தும் வர வேண்டும். பிளின்ட் கல் தென்கிழக்குக் கடற்கரையிலிருந்து வர வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை கப்பலில் மெர்சி ஆற்று முகத்துவாரம் வரை வந்து, அங்கிருந்து உள்நாட்டுக்குள் ஏறி வந்தன. இவ்வளவு தூரம் மண்ணைச் சுமந்து வந்ததற்குக் காரணம் காலடியில் கிடந்த நிலக்கரி. ஒரு டன் மண்ணைப் பீங்கானாக்க அதைப்போலப் பல மடங்கு கரி எரிய வேண்டும். கனமானதை இருந்த இடத்தில் விட்டுவிட்டு, லேசானதைக் கொண்டு வருவதுதான் கணக்கு. உள்ளூர்ப் பீங்கான் முதலாளி ஜோசயா வெட்ஜ்வுட் டிரென்ட்-மெர்சி கால்வாய்க்காக அலைந்து திரிந்து, 1766-இல் தானே முதல் மண்ணை வெட்டிப் போட்டதும் இந்தக் கணக்கினால்தான். 1769-இல் எட்ரூரியா தொழிற்சாலையை அந்தக் கால்வாய் வரப்போகும் பாதையிலேயே தொடங்கினார். 1777-இல் கால்வாய் முழுமையடைந்தது. குதிரை முதுகில் குலுங்கி உடைந்துகொண்டிருந்த சரக்கு படகில் அசையாமல் போகத் தொடங்கியது.

சூளைக்குள் சூளை

வெளியே தெரியும் பாட்டில் உண்மையில் சூளை அல்ல. அது 'ஹாவெல்' எனப்படும் கூடு. சுமார் 70 அடி வரைகூட உயரும் அந்தக் கூட்டின் வேலை இரண்டு: புகைபோக்கியாக இருந்து காற்றை இழுப்பது, தீ போடுபவரையும் தீயையும் மழை காற்றிலிருந்து மறைப்பது. சுடும் அறை அதற்குள்ளே தனியாக, வட்டமாக, மேலே குவிமாடம் மூடி நிற்கும். சுற்றிலும் எட்டு அல்லது பத்து தீவாய்கள். ஒவ்வொரு தீவாய்க்கும் நேராக, அறையின் உட்சுவரை ஒட்டிச் சிறு செங்கல் புகைக்கூண்டு ஒன்று இருக்கும். அதற்குப் 'பை' என்று பெயர். தீயில் ஒரு பங்கு அந்தப் பை வழியே மேலேறும், மறு பங்கு தரைக்கடியில் உள்ள பாதைகளில் ஓடி அறையின் நடுவே எழும். சுடும்போது அறை விரியும், ஆறும்போது சுருங்கும். அந்த மாறிமாறி வரும் அழுத்தத்தில் சுவர் பிளக்காமல் இருக்கச் சுற்றிலும் இரும்புப் பட்டைகள் இறுக்கியிருப்பார்கள். 'பான்ட்' என்று அதற்குப் பெயர். இன்று எஞ்சியிருக்கும் சூளைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பட்டைகள்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விறகு அடுப்பில் பானையின் அடி கரியாவது போல, நிலக்கரித் தீ நேராகத் தொட்டால் வெள்ளைப் பீங்கான் பாழ். சாம்பல் பறந்து ஒட்டும், கரியில் உள்ள கந்தகம் மெருகை, அதாவது மேலே பூசிய கண்ணாடிப் பூச்சை, மங்கடிக்கும், புகைக் கறை உள்ளே இறங்கிவிட்டால் எடுக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு தட்டும் கோப்பையும் ஒரு பெட்டிக்குள் உட்கார வேண்டும். தீ பெட்டியைச் சுடும், பெட்டி சரக்கைச் சுடும். ஒரு பெரிய சூளைக்கு ஏறத்தாழ 2,000 சாகர் தேவை. சரக்கின் எடையைவிடப் பெட்டிகளின் எடை பல மடங்கு. எரியும் கரியில் பெரும்பகுதி பெட்டியையும் செங்கலையும் சூடாக்கி, மிச்சம் கழுத்து வழியே வானத்துக்குப் போகும். பீங்கானுக்குள் போன வெப்பம் மிகச் சிறு பங்கு. படத்தில் தெரியும் புகை பீங்கான் சுட்ட புகை என்பதைவிட, பெட்டி சுட்ட புகை என்பதே சரி.

சாகர் செய்வதற்கு மூன்று பேர் வேண்டும், அதில் இருவர் பெரும்பாலும் பையன்கள். மண் கரடுமுரடானது. தீ தாங்கும் உள்ளூர் மார்ல் களிமண்ணோடு, உடைந்த பழைய சாகரை நொறுக்கிக் கலப்பார்கள். அந்த நொறுங்கல் இல்லாவிட்டால் பெட்டி முதல் சூட்டிலேயே வெடிக்கும். ஏற்கெனவே வெந்த துகள் மறுபடி சுருங்காது என்பதால், புது மண்ணின் சுருக்கத்தை அது பங்கிட்டுக்கொள்ளும். ஒரு பையன் மேசையில் இரும்புச் சட்டத்துக்குள் மண்ணைத் தட்டி நீளப் பட்டையாக்குவான். அது பெட்டியின் பக்கச் சுவர். இன்னொருவன் இரும்பு வளையத்தை வைத்து, அடியில் மரத்தூள் தூவி, மண் கட்டியைப் போட்டு, கனத்த மரச்சம்மட்டியால் அறைந்து அறைந்து வட்டமான அடிப்பலகை செய்வான். மரத்தூள் மறந்தால் மண் மேசையோடு ஒட்டிக்கொள்ளும். அறையும்போது ஓரிடத்தில் காற்று சிக்கினால் சூளையில் அந்த இடம் உப்பி, அடி பெயர்ந்து, மேலே இருக்கும் சரக்கு கீழே உள்ள பெட்டியில் கொட்டும். மூன்றாமவர் தலைமைக் கைவினைஞர். மரப் பீப்பாய் போன்ற அச்சைச் சுற்றிப் பட்டையை வளைத்து, முனைகளை இணைத்து, அடியோடு பொருத்தி, ஈரக்கையால் மூட்டை அழுத்தி விடுவார். அந்தச் சம்மட்டிப் பையனின் பதவிப் பெயர் 'சாகர் மேக்கர்ஸ் பாட்டம் நாக்கர்'. 1950-களில் பிபிசி தொலைக்காட்சியில் தொழிலைக் கண்டுபிடிக்கும் போட்டி ஒன்றில் இந்த வேலைக்காரர் வந்து நின்றதும் நாடே சிரித்தது. இன்றுவரை அது வேடிக்கைப் பெயராகவே சுற்றுகிறது. பள்ளியை விட்ட பிள்ளை நாள் முழுக்கச் சம்மட்டி தூக்கிய வேலை என்பது அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போனது.

அடுக்குவதில்தான் பாதி வித்தை

சூளை அடுக்குபவரை 'பிளேசர்' என்பார்கள். நிரம்பிய சாகர் 25 கிலோ வரை கனக்கும். பழைய காலுறையைச் சுருட்டித் தொப்பிக்குள் சும்மாடாக வைத்து, தலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சூளைக்குள் ஏணி ஏறுவார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூணுக்கு 'பங்' என்று பெயர். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே பச்சைக் களிமண் கயிறு ஒன்றை உருட்டி வைப்பார். அது இரண்டு வேலை செய்யும்: இடுக்கு வழியே புகை நுழையாமல் அடைக்கும், மேற்பெட்டி ஆடாமல் சமன்படுத்தும். இதில் சோம்பினால் பங் சாய ஆரம்பிக்கும். ஒரு தூண் சாய்ந்தால் பக்கத்துத் தூணில் விழும், வட்டச் சூளையில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வாசல் அடைத்துத் தீ மூட்டிய பிறகு உள்ளே சத்தம் கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. தூண்களின் உச்சியில் இன்னும் சுடாத புதுச் சாகர்களை வைப்பார்கள். சரக்கு வேகும்போதே பெட்டியும் வெந்துவிடும், தனிச் சூளை வேண்டாம்.

எந்தப் பெட்டி எங்கே என்பதும் கணக்குதான். பையை ஒட்டிய இடம் மிகச் சூடு, அங்கே வலுவான சாகரும், சூட்டைப் பொறுக்கும் சரக்கும் போகும். நடுப்பகுதியும் அடிப்பகுதியும் மந்தம். மெல்லிய கோப்பையைப் பை பக்கம் வைத்தால் வளைந்துவிடும், கனத்த கிண்ணத்தை அடியில் வைத்தால் வேகாமல் வரும். எலும்புச் சாம்பல் பாதி, சீனக்களிமண் கால், கார்ன்வால் கல் கால் என்று கலந்து செய்யும் போன் சைனாவுக்கு இன்னொரு தொல்லை. முதல் சூட்டில் அது 1,250 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும், அந்தச் சூட்டில் மண் இளகித் தன் எடையிலேயே தொங்கும். அதனால் தட்டுகளைப் பொடியில் புதைத்து வைப்பார்கள். பல தலைமுறைகளாக அந்தப் பொடி பிளின்ட். சூடேறி நொறுங்கிய சிலிக்கா. சூளை பிரிக்கும்போது அதைத் தட்டித் துலக்கியவர்கள், பெரும்பாலும் பெண்கள், நுரையீரல் கல்லாகிச் செத்தார்கள். 'பாட்டர்ஸ் ராட்' என்று அந்த நோய்க்கே ஊர்ப்பெயர் உண்டு. அலுமினாப் பொடி வந்த பிறகுதான் அந்தச் சாவு குறைந்தது. மெருகில் இருந்த ஈயம் தனிக்கதை. கரையும் ஈயத்தை 1947-இன் விதிகள் ஒருவழியாக விலக்கின. அதற்குள் எத்தனை மெருகுத் தொட்டிக்காரர்களின் மணிக்கட்டு ஈய நஞ்சேறித் தொங்கிப்போயிற்று.

இரண்டாம் சூடு, அதாவது மெருகுச் சூடு, சுமார் 1,050 டிகிரி. இங்கே பொடி ஆகாது, ஒட்டிக்கொள்ளும். தட்டைத் தொட்டும் தொடாமலும் தாங்கும் முக்கோண மண்முளைகள் மேல் உட்கார்த்துவார்கள். பழைய பீங்கான் தட்டு கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், அடியில் மூன்று சிறு தழும்பு தெரிந்தால் அந்த முளை நின்ற இடம். ஸ்டோக்காரர்கள் எந்த உணவகத்துக்குப் போனாலும் தட்டைத் திருப்பி முத்திரை பார்ப்பார்கள் என்று கேலி செய்வதுண்டு. முத்திரைக்குப் பக்கத்தில் இந்தத் தழும்பையும் அவர்கள் பார்க்கிறார்கள்.

மணிக்கணக்கில் வந்த புகை

அடுக்கி முடித்து, வாசலைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்ததும், பொறுப்பு முழுக்க 'ஃபயர்மேன்' கைக்குப் போகும். முதல் சூட்டுக்கு இரண்டு மூன்று நாள். பத்து முதல் பதினைந்து டன் வரை கரி. முதல் நாள் வெறும் வெதுவெதுப்பு. மண்ணில் ஒளிந்திருக்கும் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும், அவசரப்பட்டால் ஆவி சரக்கை உடைத்துக்கொண்டு வரும். அதன்பின் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாத் தீவாய்க்கும் கரி போடுவார்கள். இதற்கு 'பெய்ட்டிங்' என்று பெயர். கனன்றுகொண்டிருக்கும் தணல்மேல் பச்சைக் கரி விழுந்ததும் அதிலுள்ள தார் ஆவியாகிக் கிளம்பும். அதை எரிக்க அதிகக் காற்று வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் குளிர்ந்த காற்றைத் திறந்துவிட்டால் சூளை சடாரென்று குளிர்ந்து சரக்கு பிளக்கும். எரியாத தார் புகையாகப் போகட்டும் என்று விடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே ஒரு சூளை எப்போதும் புகைப்பதில்லை. கரி போட்டதும் கருமேகம், கொஞ்ச நேரத்தில் மெலிந்து சாம்பல், பிறகு கழுத்துக்கு மேல் வெப்ப நடுக்கம் மட்டும்.

துணி காயப்போட்ட தாய்மாருக்கு இது நன்றாகத் தெரியும். பக்கத்துப் பாட்பாங்கின் ஃபயர்மேன் எப்போது கரி போடுவார் என்பதை வைத்துத்தான் கொடியில் துணி ஏறும், இறங்கும். சிக்கல், சுற்றிலும் ஒரு சூளை அல்ல. ஆறு ஊர்களிலும் சேர்த்து 2,000-க்கும் மேல் இருந்த காலம் அது. ஒன்று தெளியும்போது இன்னொன்று கரி தின்னும். பாதி பள்ளத்தில் கிடந்த லாங்டனில், காற்று அசையாத நாளில், எல்லாம் சேர்ந்து தெருவில் படிந்தால் எதிர்ச்சாரி தெரியாதுதான்.

எப்போது நிறுத்துவது என்பதே ஃபயர்மேனின் உயிர்நாடிக் கேள்வி. வெட்ஜ்வுட் 1782-இலேயே சூட்டில் சுருங்கும் சிறு மண்துண்டுகளைக் குறுகும் தடத்தில் வைத்து அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார், அதற்காக லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி மறு ஆண்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. பிற்காலத்தில் 'புல்லர்ஸ் வளையம்' வந்தது. நடுவில் துளை போட்ட மண்வளையங்களைச் சூளைக்குள் வைத்து, சுவரில் உள்ள துளை வழியே இரும்புக் கம்பியால் ஒன்றொன்றாக வெளியே இழுத்து, ஆறியதும் பித்தளை அளவியில் பொருத்தினால், முள் எத்தனை கோடு நகர்ந்தது என்பது சுருக்கத்தைச் சொல்லும். வெப்பமானி சொல்வது அந்த நொடியின் சூட்டை மட்டும். வளையம் சொல்வது இதுவரை மண் வாங்கிய சூடு மொத்தத்தையும். சூளையின் நாலு பக்கத்திலிருந்தும் இழுத்துப் பார்த்து, எந்தப் பக்கம் பின்தங்குகிறதோ அந்தத் தீவாய்க்குக் கூடுதல் கரி போடுவார். இத்தனை நாளும் சரியான தூக்கம் கிடையாது. பிழைத்தால் எல்லோர் உழைப்பும் பிழைக்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் தட்டு செய்தவர்களுக்குக் கூலி, 'சூளையிலிருந்து நன்றாக வந்த' உருப்படிக்கு மட்டும். பங் சாய்ந்தாலும், ஃபயர்மேன் தவறினாலும், சாகர் வெடித்தாலும், நஷ்டம் அதற்கெல்லாம் சம்பந்தமில்லாத தட்டுக்காரர் தலையில். அந்தத் தட்டுக்காரர் தன் பங்குக்குப் பையன்களைத் தானே வேலைக்கு வைத்திருந்தார். 1840-களின் தொடக்கத்தில் நடந்த அரசு விசாரணைக்காகச் சாமுவேல் ஸ்கிரிவன் இந்த ஊர்களைச் சுற்றியபோது பதிவானவை இந்தப் பையன்கள் சொன்னவைதான். 'மோல்டு ரன்னர்' என்ற வேலை அது. பிளாஸ்டர் அச்சின்மேல் ஈரத் தட்டு உட்கார்ந்திருக்கும். அதை ஏந்திக்கொண்டு அனல் பறக்கும் உலர்த்தறைக்குள் ஓடி, அலமாரியில் வைத்து, காய்ந்த அச்சை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடி வர வேண்டும். அச்சு ஈரத்தை உறிஞ்சினால்தான் தட்டு சுருங்கிக் கழன்று வரும், ஆகவே அறை சூடாக இருந்தே ஆக வேண்டும். உள்ளே வேகும் சூடு, வெளியே மார்கழிக் குளிரைவிடக் கொடுமையான இங்கிலாந்துக் குளிர், நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவே ஓட்டம். எட்டு ஒன்பது வயது. 1864-இல்தான் தொழிற்சாலைச் சட்டம் பீங்கான் தொழிலுக்கு நீண்டு, சிறுவர்களுக்கு அரை நாள் வேலை, அரை நாள் பள்ளி என்றாயிற்று. பஞ்சாலைகளுக்கு அது வந்து இருபது ஆண்டு கழித்து.

உடைந்தவை போன இடம்

சாகருக்கு ஆயுள் முப்பது நாற்பது சூடு. கெட்டுப்போன சரக்கும் செத்த சாகரும் எங்காவது போக வேண்டும். ஒரு பங்கு நொறுங்கிப் புதுச் சாகருக்குள் போகும், சில கால்வாய்க் கரையிலும் கொல்லைச் சுவரிலும் அடுக்காக நிற்கும். மிச்சமெல்லாம் மேடு. ஊர் வழக்கில் அந்தக் கழிவுக்கு 'ஷ்ராஃப்', மேட்டுக்கு 'ஷார்ட் ரக்'. சாகருக்கும் செங்கலுக்கும் ஓட்டுக்கும் மார்ல் மண்ணைத் தோண்டியதில் பெரும் பள்ளங்கள் விழுந்திருந்தன. மேடும் பள்ளமும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள், கடைசியில் ஒன்று மற்றொன்றைத் தூர்த்தது. தூர்க்கும்வரை நீர் தேங்கிய பள்ளம் பிள்ளைகளின் குளம். கரை செங்குத்து, களிமண் வழுக்கும், ஆழம் திடீரென்று இறங்கும். அதில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தெருக்கள் உண்டு. அதே மேடுகள்தான் இன்று தொல்லியலாளர்களுக்குப் பொக்கிஷம். முத்திரை குத்தாத பழைய பீங்கான் எந்தப் பாட்பாங்கில் செய்தது என்பதை அருங்காட்சியக அலமாரியில் உள்ள முழுத்தட்டு சொல்வதைவிட, அந்த இடத்து மண்ணில் கிடக்கும் கெட்டுப்போன துண்டு உறுதியாகச் சொல்கிறது. விற்ற சரக்கு எங்கும் போயிருக்கும், கெட்டது செய்த இடத்தைவிட்டு நகராது.

 

பெட்டி தேவையில்லாமல் போன நாள்

1940-இல் வெட்ஜ்வுட் நிறுவனம் எட்ரூரியாவிலிருந்து நகரத் தொடங்கி, ஊருக்குத் தெற்கே பார்லஸ்டன் கிராமத்தில் புதுத் தொழிற்சாலை திறந்தது. அங்கே ஒரு பாட்டில் சூளைகூடக் கட்டவில்லை. மின்சாரச் சுரங்கச் சூளைகள். நீண்ட குழாய் போன்ற அறை, நடுப்பகுதி மட்டும் எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். சரக்கு ஏற்றிய வண்டிகள் தண்டவாளத்தில் ஒரு முனையில் நுழைந்து மெல்ல நகர்ந்து மறுமுனையில் வெளியே வரும். வெந்து ஆறும் சரக்கின் வெப்பமே உள்ளே வரும் பச்சைச் சரக்கைக் காய்ச்சும். ஒவ்வொரு முறையும் சூளையையே சூடாக்கி, பிறகு குளிரவிட்டு வீணாக்கும் பழைய கதை முடிந்தது. இதெல்லாம் எரிபொருள் மிச்சம். அதைவிடப் பெரியது: தீயே இல்லை, அதனால் சாம்பல் இல்லை, கந்தகம் இல்லை, அதனால் சாகர் வேண்டாம். சரக்கைத் திறந்த அலமாரி அடுக்குகளில் அப்படியே வைக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை ஸ்டோக்கின் வரலாறு திரும்பிய இடம் இதுதான், சட்டத்துக்குப் பதினாறு ஆண்டு முன்பு. பெட்டி போனதும் பெட்டி செய்பவர், பட்டை தட்டுபவன், அடி அறைபவன், சும்மாட்டோடு ஏணி ஏறுபவர், களிமண் கயிறு உருட்டுபவர், இரவெல்லாம் விழித்த ஃபயர்மேன் எல்லோரும் ஒரே வீச்சில் போனார்கள். மார்ல் பள்ளத்தில் தோண்டும் வேலையும் சுருங்கியது. போர் முடிந்ததும் எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் சூளைகளுக்குப் பெரிய நிறுவனங்கள் வேகமாக மாறின. அவர்களை நகர்த்தியது தட்டுக்கு எத்தனை காசு எரிபொருள், நூற்றுக்கு எத்தனை சேதம் என்கிற கணக்கு. 1956 சட்டம் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தார்கள்.

ஆனால் இங்கே நிறுத்தினால் நானும் அந்த ஒற்றை வாக்கியக்காரர்களைப் போல ஆகிவிடுவேன். லாங்டனைப் பார்த்தால் கணக்கு வேறு. அங்கே இரண்டு மூன்று சூளை வைத்துப் பிழைத்த சின்னஞ்சிறு போன் சைனாப் பாட்பாங்குகள் தெருவுக்குத் தெரு இருந்தன. சுரங்கச் சூளையை அணைத்து அணைத்து மூட்ட முடியாது, இரவு பகல் பாராமல் ஓடியே ஆக வேண்டும். அதற்குத் தீனி போடும் அளவு ஆர்டர் சிறு முதலாளியிடம் ஏது? கட்ட இடமும் இல்லை, பணமும் இல்லை. சட்டம் கொடுத்த அவகாசத்துக்குள், சிறிய எரிவாயுச் சூளைக்கு மாற முடிந்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் விற்றார்கள் அல்லது பூட்டினார்கள். பெரியவர்களுக்குச் சட்டம் வெறும் காகிதம், சிறியவர்களுக்கு அதுதான் முடிவு. 1960-களின் தொடக்கத்தோடு நிலக்கரி போட்ட வணிகச் சூளைகளின் காலம் தீர்ந்தது. பிறகு இடிப்பு. பாட்டில் சூளை எதற்கும் ஆகாத கட்டடம், வட்டமாக இருப்பதால் கிடங்காகவும் ஆகாது. 2,000-க்கும் மேல் இருந்ததில் இன்று நிற்பவை ஐம்பதுக்கும் குறைவு, அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்.

லாங்டனில் கிளாட்ஸ்டோன் பாட்பாங்கை 1970-களில் அருங்காட்சியகமாக்கியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டால் போதுமென்று இருக்கவில்லை. 1978-இல், பக்கத்தில் இருந்த ஹட்சன் அண்ட் மிடில்டன் பாட்பாங்கின் பழைய பாட்டில் சூளையில், கடைசியாக ஒருமுறை நிலக்கரி போட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். புகைவிடுவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதைவிடக் கடினம் ஆள் தேடுவது. தொழில் நின்று இருபது ஆண்டுகூட ஆகாத நிலையில் ஓய்வுபெற்ற பிளேசர்களையும் ஃபயர்மேனையும் வீட்டிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது. பங் எப்படி நேராக நிற்கும், கயிற்று மண் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும், எந்தத் தீவாய் சோம்பேறி என்பதெல்லாம் அவர்கள் கையில் மட்டும் இருந்தன. படம் பிடித்தார்கள், குறிப்பெடுத்தார்கள்.

அந்தக் குறிப்பில்லாமல் இன்றைய சூளைகளைப் பார்த்தால் அவை அழகான செங்கல் பாட்டில்கள். அங்கே போகிறவர்கள் வெளியே நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பாமல், குனிந்து உள்ளே நுழைய வேண்டும். தீவாயின் செங்கல் கண்ணாடி போல உருகிப் பளபளப்பதைத் தடவிப் பார்க்கலாம், அது பதினைந்து டன் கரியை எத்தனையோ முறை பார்த்த இடம். சுற்றிலும் இறுக்கிய பான்ட் பட்டையைப் பார்க்கலாம். சுவரோரம் அடுக்கியிருக்கும் சாகரில் ஒன்றைத் திருப்பிக்காட்டச் சொன்னால், அடியில் மரத்தூள் எரிந்துபோன பொடிப்பொடிக் குழிகளும், சம்மட்டி விழுந்த சமனில்லாத பரப்பும் தெரியும்.